கத்தரிக்கோல் கீழேயே கிடக்கட்டும்

பட்டணம், அரண்மனை
செப்டம்பர் 20

என் அக்கா அந்தூஸாவுக்கு,

உன் தங்கச்சி தெக்லா எழுதுறேன். நான் சுகமா இருக்கேன். நீயும் ப்ரோகோப் அத்தானும் சுகமா இருக்கணும்னு தேவமாதாகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் பேனாவைத் தொடுறேன். தோப்புல அக்ரூட் விழ ஆரம்பிச்சிருக்குமே, இந்த வருஷம் உன்கூட யார் பொறுக்குறா?

கல்யாணம் முடிஞ்சு பத்து நாளாச்சு. இன்னும் தூங்கி எழுந்திரிக்காத மாதிரியே இருக்கு. அந்த அதிகாரிங்க அளவுக் கயிறும் ஒத்தைச் செருப்புமா நம்ம வாசல்ல வந்து நின்னப்போ நீ மீன் தொட்டியைக் கழுவிக்கிட்டே, "செருப்பெல்லாம் வேணாம், போயிட்டு வாங்க"ன்னு விரட்டினியே, அதை நினைச்சு நினைச்சு நேத்து பூசை நடுவுல சிரிச்சுட்டேன். பேரரசருக்குப் பொண்ணு தேடி ஊர் ஊரா அலைஞ்சவங்களுக்கு அப்படி ஒரு வரவேற்பு! சின்ன வயசுல வலையில மாட்டி என் கால் சுண்டு விரல் மடங்கிப் போச்சே, அதனாலதான் அந்தச் செருப்புக்குள்ள என் கால் நுழைஞ்சுது. இங்க யாருக்கும் அது தெரியாது. இப்ப அகாகியோஸ் ஐயாவுக்குத் தெரிஞ்சிடும். அவர்தான் அந்தப்புரத்தோட பெரிய காரியக்காரர். நான் எழுதுறது எல்லாத்தையும் அவர் படிச்சிட்டுத்தான் அனுப்புவார். வணக்கம் ஐயா.

மூணாம் நாள் என்னைக் குளிக்க ஊர்வலமா கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு பக்கமும் ஜனம், எங்கிருந்தோ காத்து ஊதி வாசிக்கிற பெரிய வாத்தியம். என்கூட மூணு பெண்கள் ஆளுக்கொரு மாதுளம்பழம் ஏந்திக்கிட்டு வந்தாங்க. காலையில இருந்து பட்டினி. பக்கத்துல இருந்தவகிட்ட மெதுவா, "எனக்கு நாலு முத்து உதிர்த்துக் குடேன்"னு கேட்டுட்டேன். அது கல்லு அக்கா! சிவப்புக் கல்லுல செதுக்கி மணி பதிச்சது. பேரரசிக்கு நிறைய பிள்ளைங்க பிறக்கணும்னு அதைத் தூக்கிட்டு வர்றது வழக்கமாம். அவ சிரிப்பை அடக்க முடியாம பழத்தை நழுவ விடப் பார்த்தா.

முடி சூட்டினப்போ பேரை மாத்திட்டாங்க. இப்ப நான் எவ்தோக்கியா. யாராவது கூப்பிட்டா, அந்த அம்மா எங்கேன்னு நானும் தேடுறேன்.

பேரரசர் நல்லவர்தான். அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

உன் உடம்பைப் பார்த்துக்கோ. அத்தானுக்கு என் வணக்கம்.

தெக்லா
(கீழே எவ்தோக்கியான்னும் எழுதணுமாம்: எவ்தோக்கியா)

*

அமாஸ்ட்ரிஸ்
அக்டோபர் 12

கடவுள் கிருபையால் ரோமர்களுக்கெல்லாம் பேரரசியான எவ்தோக்கியா அம்மையாரின் பாதங்களுக்கு,

இப்படி எழுதலேன்னா கடிதாசியே உள்ள போகாதுன்னு கப்பல்கார கோஸ்மாஸ் சொன்னான். எழுதியாச்சு. இனி, அடியே தெக்லா! எப்படிடி இருக்கே? சாப்பிடுறியா? நாங்க ரெண்டு பேரும் சுகம். அத்தானுக்குத்தான் இடுப்புப் பிடிப்பு, படகுக்குக் கீல் பூசப் போயி குனிஞ்சவர் நிமிரவே இல்லை.

கல்லு மாதுளையைத் திங்கக் கேட்டியா? நம்ம மானம் மொத்தமா போச்சு! ஊர் பூரா சொல்லிட்டேன். சின்னம்மா நோன்னா மடத்துல இருந்து ஆள் அனுப்பி, "அவ அந்தக் கத்தரிக்கோல்காரிதானே, வேற எப்படி இருப்பா"ன்னு கேட்டா. உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ. சின்னம்மா துறவு வாங்கின அன்னிக்கு உனக்கு அஞ்சு வயசு. முடி வெட்டுற சாமியார் கத்தரிக்கோலைக் கீழ போடுவார், துறவு வாங்குறவளே குனிஞ்சு எடுத்து அவர் கையில குடுக்கணும். மூணு தடவை. என் சொந்த இஷ்டத்துலதான் வர்றேன், யாரும் பிடிச்சுத் தள்ளலைன்னு அதுக்கு அர்த்தம். நீ என்ன பண்ணினே? பாவம் தாத்தா கை நழுவிப் போட்டுட்டார்னு நினைச்சு, கூட்டத்துக்குள்ள புகுந்து ஓடிப் போயி எடுத்துக் குடுத்துட்டே. அவரும், "அப்ப இவளுக்குத்தான் மொட்டை"ன்னுட்டார். ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்டு வீடு வரைக்கும் அழுதே. அம்மா போன பிறகு உன்னை வளர்த்ததுல நான் அவ்வளவு சிரிச்ச நாள் வேற இல்லை.

கோஸ்மாஸுக்கு இதுதான் கடைசிப் பயணம். இனி வசந்தம் வரைக்கும் கடல்ல கப்பல் ஓடாது. ஆறு மாசம் உன் சத்தமே இல்லாம இருக்கணும். ஒரு மூட்டை அக்ரூட்டும் உப்பு மீனும் அனுப்பியிருக்கேன். மீன் நாத்தம்னு யாராவது மூக்கைப் பொத்தினா அவங்களுக்குக் குடுக்காதே.

குளிர்ல காதை மூடிக்கோ. காரியக்காரருக்கும் எங்க வணக்கம்.

அக்கா

*

பட்டணம்
ஏப்ரல் 10

அக்கா,

சுகம். கப்பல் வந்துடுச்சுன்னு கேட்டதும் மாடத்துக்கு ஓடினேன். ஓடக் கூடாதாம், இறக்கிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஏன் ஓடக் கூடாதுன்னு நீயே புரிஞ்சுக்கோ. வெட்கமா இருக்கு, எழுத வரலை.

குளிர்காலம் எப்படிப் போச்சுன்னே தெரியலை. இங்க ஒரு மரம் இருக்கு, முழுக்கத் தங்கம். அதுல தங்கக் குருவிங்க உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டுத் தூதர்கள் வந்தா எல்லாம் ஒண்ணா வாயைத் திறந்து பாடும். தண்ணியும் காத்தும் உள்ள ஓடுதாம். யாரும் இல்லாதப்போ நான் போயி அதுங்ககிட்ட அக்ரூட் பருப்பை நீட்டுவேன். திங்காது. தெரியும், இருந்தாலும் நீட்டுவேன்.

கடலைப் பார்த்த மாதிரி ஒரு அறை. தரை, சுவர் எல்லாம் ஊதாக் கல். சாயங்கால வெயில் படும்போது அந்த ஊதா நிறம் மெல்ல எழுந்து வந்து கையில ஒட்டுற மாதிரி இருக்கும். பேரரசிங்க அங்கதான் பிள்ளை பெத்துக்கணும். இப்பவே தினமும் போயி உட்கார்ந்துக்கிறேன். ஜன்னல்ல இருந்து பார்த்தா கிழக்கால போற கப்பல் தெரியும். அதுல ஒண்ணு அமாஸ்ட்ரிஸுக்குத்தானே போகும்னு நினைச்சுக்குவேன்.

அவர் இப்ப அடிக்கடி வர்றார். ஆம்பளைப் பிள்ளைன்னு ஜோசியர் சொல்லிட்டாராம். ஆகஸ்ட் மாசக் கடைசிக்குள்ளேன்னு மருத்துவச்சி கணக்கு.

உங்க ரெண்டு பேர் சுகத்துக்கும் விளக்கேத்துறேன்.

தெக்லா

*

அமாஸ்ட்ரிஸ்
மே 2

ரோமர்களின் பேரரசி அம்மையாருக்கு, மத்த மரியாதையெல்லாம் சேர்த்து வெச்சுக்கோ.

அடி என் தங்கமே! கடிதாசியைப் படிச்சிட்டு நான் போட்ட சத்தத்துல கோழி எல்லாம் கூரை ஏறிடுச்சு. அத்தான் இடுப்புப் பிடிப்பை மறந்து எழுந்து நின்னுட்டார், அந்த மட்டும் உன் வயித்துப் பிள்ளை ஒரு அற்புதம் பண்ணிட்டான்.

நாங்க சுகம். நீ உன்னைப் பார்த்துக்கோ. கனமா எதையும் தூக்காதே. அந்த முடியைத் தலையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நிக்காதே. கழுத்து வலிச்சா சொல்லு, பேரரசியா இருந்தா என்ன, வாய் இருக்குல்ல. உப்பு மீன் கேட்டா குடுக்கச் சொல்லு.

ஒரு தொப்பி பின்னியிருக்கேன். நீல கம்பளி நூல். தங்கத்துல தொப்பி போடுற பிள்ளைக்கு இது எதுக்குன்னு அத்தான் கேட்டார். தங்கம் காதுக்குக் கதகதப்பா இருக்குமான்னு நான் கேட்டேன். பிறந்த அன்னிக்கே போட்டு விடு. பிறகு அவங்க என்னத்தை வேணா மாட்டட்டும்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஒண்ணும் இல்லை. உனக்காவது கடவுள் கண்ணைத் திறந்தாரே. பொறாமைன்னு நினைக்காதே. கொஞ்சம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா சந்தோஷம் அதைவிடப் பெரிசா இருக்கு.

பிறந்த உடனே எழுது. ஒரே ஒரு வரி போதும்.

அக்கா

*

பட்டணம்
செப்டம்பர் 25

அக்காவுக்கு,

சுகமா இருக்கேன். எழுத நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. அத்தான் இடுப்பு எப்படி இருக்கு?

இங்க தோட்டத்துல மயில் நிறைய ஆயிடுச்சு. யாரும் விரட்டுறதில்லை. கோயில் வரைக்கும் வரும். ஒரு மயில் என் கூடவே நடக்கும். நான் நின்னா அதுவும் நிக்கும்.

இப்பெல்லாம் பகல்ல தூங்கப் பழகிட்டேன். தூக்கத்துல நம்ம துறைமுகம் வரும். அலை எல்லாம் ஊதா நிறம். நீ கரையில நின்னு ஏதோ கத்துவே, உதடு அசையுறது தெரியும், சத்தம் வராது. எழுந்தா பக்கத்துல விசிறி வீசுறவ, "கூப்பிட்டீங்களா அம்மா"ன்னு கேப்பா. நான் யாரையும் கூப்பிடலைன்னு சொல்லுவேன்.

ஊதா அறைக்குத் திரை போட்டு மூடிட்டாங்க. கல்லு வெயில்ல வெளுத்துடுமாம்.

தொப்பி வந்தது. நல்லா இருக்கு.

நேத்து என் பேர் கொண்ட புனிதையோட திருநாள். இங்க யாருக்கும் அது என் திருநாள்னு தெரியலை, எவ்தோக்கியாவுக்கு வேற நாள்.

எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

தெக்லா

*

அமாஸ்ட்ரிஸ்
அக்டோபர் 18

தெக்லா கண்ணு,

மரியாதை வரியெல்லாம் இந்தத் தடவை வேண்டாம். காரியக்காரர் கோவிச்சுக்கட்டும்.

நாங்க சுகம். உன் கடிதாசியை நாலு தடவை படிச்சேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ எப்போ எழுதணும்னு நினைக்கிறியோ அப்போ எழுது, இல்லேன்னா எழுதாதே.

உன் திருநாளை நாங்க கொண்டாடினோம். சின்னம்மா மடத்துல மணி அடிச்சா. அவளுக்கு இப்ப அங்க பெரிய பொறுப்பு, மடத்துத் தலைவியாயிட்டா, ஆனாலும் திங்குறதுக்கு என்ன கொண்டு வந்தேன்னுதான் முதல்ல கேக்குறா. தேன் ரொட்டி சுட்டு உன் பேரைச் சொல்லி நாலு வீட்டுக்குக் குடுத்தேன்.

இந்த வருஷம் அக்ரூட் பொறுக்க ஆள் வெச்சுட்டோம். எனக்குக் குனிய முடியலை. வேற ஒண்ணும் இல்லை, சும்மா ஒரு அசதி.

கடல் மூடப் போகுது. ஆறு மாசமும் தினம் சாயங்காலம் துறைமுகத்துல நின்னு உன் பேரைச் சொல்லிக் கத்துவேன். உன் கனவுல சத்தம் வருதான்னு பாரு.

நல்லா சாப்பிடு.

அக்கா

*

பேரரசியின் அலுவல் அறை
ஏப்ரல் 28

அமாஸ்ட்ரிஸ் வாழ் அந்தூஸாவுக்கு,

நலம். தங்கள் இல்லத்தார் நலம் பெறுக.

பேரரசி எவ்தோக்கியா அம்மையார், இவ்வுலக மேன்மைகளின் நிலையாமையை உணர்ந்து, தமது சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, வரும் ஜூலை மாதம் துறவு மேற்கொண்டு தீவு மடத்தில் இறைப்பணியில் அமர முடிவு செய்துள்ளார் என்பதைத் தங்களுக்கு மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம். அம்மடத்தின் ஒழுங்குப்படி அதன் பிறகு கடிதங்களோ சந்திப்புகளோ இயலாது.

தங்கள் வாழ்த்துகள் வரவேற்கப்படுகின்றன.

எவ்தோக்கியா

*

அமாஸ்ட்ரிஸ்
மே 20

கடவுள் கிருபையால் ரோமர்களின் பேரரசியான எவ்தோக்கியா அம்மையாருக்கு,

நாங்கள் நலம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறோம். தாங்கள் எடுத்த புனிதமான முடிவைக் கேட்டு இந்த வீடே ஆனந்தக் கண்ணீர் வடித்தது. ஒரு மூட்டை அக்ரூட் அனுப்பியிருக்கிறோம். பருப்பெல்லாம் தின்று முடித்த பிறகு மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். உள்பக்கம் திருப்பி நன்றாக உதறவும். தையலில் பூச்சி இருக்கும்.

பணிவுடன்
அந்தூஸா

*

(மூட்டைத் தையலுக்குள் மடித்து வைத்தது)

அடியே தெக்லா,

உயிரோட இருக்கியா? முதல்ல அதைச் சொல்லு.

அந்தக் கடிதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு "அக்கா" இல்லை. அத்தான் இடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நீ சொல்லி எழுதினது இல்லைன்னு குருடன்கூடச் சொல்லுவான். கோஸ்மாஸைப் பிடிச்சு உலுக்கினேன். கொட்டிட்டான். பிள்ளை உயிர் இல்லாமலே பிறந்துச்சுன்னும், இனி உனக்குப் பிறக்காதுன்னு மருத்துவருங்க சொல்லிட்டாங்கன்னும், பேரரசர் ஒரு தளபதி பொண்ணைக் கட்டப் போறார்னும் பட்டணத்துல மீன் விக்கிறவ வரைக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியலை. போன வருஷமே புரிஞ்சுது, கேக்கத்தான் தைரியம் வரலை. அங்க ஓடி வந்து உன்னை மடியில போட்டுக்காம, தேன் ரொட்டி சுட்டேன்னு எழுதிட்டு உட்கார்ந்திருந்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்.

இப்ப கவனமாக் கேளு. நீ இருக்கும்போது அவர் இன்னொருத்தியைக் கட்ட முடியாது. நீயா துறவு வாங்கினா முடியும். அதுக்குத்தான் இத்தனை "சொந்த விருப்பம்". அந்தத் தீவுக்குப் போன எவளும் திரும்பி வந்ததில்லை, செத்தாளா இருக்காளான்னு கூடப் பிறந்தவங்களுக்கே தெரியாதுன்னு கோஸ்மாஸ் சத்தியம் பண்றான். தலைமுடியோட உன்னை வீட்டுக்கும் விட மாட்டாங்க. விட்டா, வேற எவனாவது உன்னைக் கட்டிக்கிட்டு நாட்டைக் கேட்டு வந்து நிப்பான்னு பயம். அதனால முடி போகத்தான் போகுது. அது போனாப் போகட்டும். ஆனா எந்த மடம்னு நீ கேக்கலாம்.

எப்பன்னா, கத்தரிக்கோல் கீழ விழும்போது. அந்த ஒரு நிமிஷம் அத்தனை பேரும் உன் கையைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கணும், பேரரசர் உட்பட. நீ எடுக்கலேன்னா யாராலயும் எடுக்க முடியாது. எனக்கு உன்னைத் தெரியும். கீழ எது விழுந்தாலும் பதறி ஓடி எடுத்துக் குடுக்குறவ நீ. அஞ்சு வயசுல பண்ணின அதே தப்பை இப்பவும் பண்ணாதே. கையைக் கட்டிக்கிட்டு நில்லு. கத்தரிக்கோல் கீழேயே கிடக்கட்டும். அமாஸ்ட்ரிஸ் துறைமுகத்து மடம்னு அவங்க வாயால சொன்ன பிறகு எடு.

சின்னம்மா ஜன்னலோரமா ஒரு படுக்கையைத் தட்டிப் போட்டுட்டா. ஞாயித்துக்கிழமை வாசல்ல வந்து யாரை வேணாலும் பார்க்கலாம்னு அவ மடத்து ஒழுங்கை இன்னிக்கே எழுதிட்டா.

இன்னொண்ணு. இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. ஜனவரியில எனக்கு ஒரு பொண்ணு பிறந்தது. போன தடவை நீ இருந்த நிலைமையில உன்கிட்ட எப்படிடி சொல்லுவேன். தெக்லான்னு பேர் வெச்சிருக்கேன். அங்க அந்தப் பேரைப் பிடுங்கிட்டாங்க. இந்த வீட்டுல அதை யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும்ல?

வந்துடு.

அக்கா

*

பட்டணம்
ஜூன் 16

அமாஸ்ட்ரிஸ் வாழ் அந்தூஸா அம்மைக்கு, அந்தப்புரக் காரியக்காரன் அகாகியோஸ் எழுதிக்கொள்வது.

பேரரசியார் நலம். தங்கள் நலமும் தங்கள் கணவரது இடுப்பின் நலமும் விரும்புகிறேன்.

மூட்டை வந்து சேர்ந்தது. வழக்கப்படி நானே திறந்து பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்கிறேன். காலி மூட்டையை உதறச் சொல்லிப் பேரரசிக்கு எழுதிய முதல் ஆள் தாங்கள்தான். இனி எதையாவது ஒளிப்பதாக இருந்தால் அதைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது.

ஓரத் தையல் பிரிந்திருந்தது. சணல் நூல் கிடைக்காததால் பட்டு நூலால் தைத்து, உள்ளே இருந்தது எதுவும் சிந்தாமல் பேரரசியாரிடம் சேர்த்துவிட்டேன்.

அமாஸ்ட்ரிஸிலிருந்து இரண்டு நாள் நடைதூரத்தில் உள்ள ஊர் என்னுடையது. எங்கள் வீட்டிலும் அக்ரூட் மரம் இருந்தது. அரண்மனை வேலைக்கு ஆகவேண்டும் என்று ஏழு வயதில் என்னைக் கத்திக்குக் கொடுத்து ஆண்மையை நீக்கினார்கள். என் முன்னால் யாரும் எதையும் மூன்று முறை கீழே போட்டு, எடுக்கிறாயா என்று கேட்கவில்லை.

அரை மூட்டை பருப்பை நான் எடுத்துக்கொண்டேன். மன்னிக்கவும்.

அகாகியோஸ்

*

துறைமுகத்துக்கு வெளியே, கோஸ்மாஸின் கப்பல்
ஜூலை 30

என் அக்கா,

சுகமா இருக்கேன். இந்த வார்த்தையை இப்பத்தான் நிஜமா எழுதுறேன். காத்து இல்லை, கப்பல் நாளைக் காலையிலதான் கரைக்கு வருமாம். கோஸ்மாஸ் சின்னப் படகுல முன்னாடி வர்றான், அவன் கையில இதைக் குடுத்து விடுறேன். நேர்ல பார்த்தா எனக்குப் பேச வராது, அழுகைதான் வரும். அதனால எழுதிடுறேன்.

அரண்மனைக்குள்ள சின்னக் கோயில்லதான் வெச்சாங்க. பேரரசர் வரலை. தளபதி சம்சாரம் வந்திருந்தா, பொண்ணுக்கு இடம் காலியாகுதான்னு பார்க்க. வயசான சாமியார் வெள்ளிக் கத்தரிக்கோலைக் கீழ விட்டார். கல்லுல விழுந்து அது போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. சத்தியமாச் சொல்றேன், என் கை தானா கீழ போச்சு. ரெண்டு கையையும் கக்கத்துல வெச்சு அமுக்கிக்கிட்டேன்.

எல்லாரும் காத்திருந்தாங்க. அகாகியோஸ் பக்கத்துல வந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "அம்மா, குனியுங்கள்"னார். நான், "எங்க ஊர் மடம்னா குனியறேன், தீவுன்னா இப்படியே நிக்கிறேன்"னு சொன்னேன். தளபதி சம்சாரம், "யாராவது எடுத்து அவ கையில திணிங்களேன்"னு பல்லைக் கடிச்சா. சாமியார் திரும்பிப் பார்த்து, "நீங்களே எடுங்களேன் தாயே, உங்களுக்கு வெட்டிடுறேன்"னார். அதுக்கப்புறம் எல்லாரும் உடுப்பைச் சுருட்டிக்கிட்டு கத்தரிக்கோலை விட்டுத் தள்ளி நின்னுட்டாங்க.

அகாகியோஸ் பேரரசர்கிட்டப் போனார். அங்க என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் ஆச்சு. மெழுகுவத்தி மாத்தினாங்க. கனவுல நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டிருந்தேன், தரை எங்கேயோ தூரத்துல இருந்தது. அப்ப அந்த மயில் உள்ள வந்துச்சு அக்கா, என் கூடவே நடக்குமே, அதேதான். நேரா போயி பளபளன்னு கிடந்த கத்தரிக்கோலைக் கொத்தப் பார்த்துச்சு. கோயிலே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மயில் எடுத்துட்டா யாருக்கு மொட்டைன்னு எந்தச் சாஸ்திரத்துலயும் இல்லையாம். ஒரு குருக்கள் முட்டி போட்டு அதுகிட்டக் கெஞ்சினார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! அப்பத்தான் பயம் போச்சு.

அகாகியோஸ் திரும்பி வந்தார். "அமாஸ்ட்ரிஸ்"னு ஒரே வார்த்தை சொன்னார். அதுவரைக்கும் பட்டணத்துப் பேச்சு பேசினவர், அந்தப் பேரை மட்டும் நம்ம ஊர்க்காரங்க மாதிரி இழுத்துச் சொன்னார்.

குனிஞ்சேன். மூணு தடவையும் நானே எடுத்தேன். துறவுப் பேர், பழைய பேரோட முதல் எழுத்துலதான் வைக்கணும். எவ்தோக்கியாவுக்குப் பொருத்தமா ஒரு பேரைச் சீட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. ஞானஸ்நானத்துல எனக்கு வெச்ச பேர் தெக்லா, அதுல இருந்து எடுங்கன்னு சொன்னேன். சாமியார் சீட்டைக் கிழிச்சுட்டார். இப்ப நான் தெயோதூலே. என் எழுத்து திரும்பி வந்துடுச்சு.

அங்கிருந்து ஒரே ஒரு பொருள்தான் கொண்டு வர்றேன். உன் நீலத் தொப்பி. நீ சொன்ன மாதிரி பிறந்த அன்னிக்கே போட்டு விட்டேன். அவன் ஒரு தடவைகூட அழலை அக்கா. ரொம்ப அழகா இருந்தான். புதைக்கும்போது தங்கத்துணி சுத்தணும்னு தொப்பியைக் கழட்டிட்டாங்க. நான் அதை மறைச்சு வெச்சுக்கிட்டேன். உன் குட்டிக்கு அது இப்ப பத்துமா? பத்தலேன்னாலும் பரவாயில்லை, ஒரு தடவை அவ தலையில வெச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்.

அத்தானுக்கு வணக்கம். அகாகியோஸுக்கு ஒரு மூட்டை அக்ரூட் அனுப்பணும், தையலுக்குள்ள ஒண்ணும் வைக்காம.

ஞாயித்துக்கிழமை அவளைத் தூக்கிக்கிட்டு மடத்து வாசலுக்கு வா. வந்து நின்னு தெயோதூலேன்னு கூப்பிடாதே, எனக்கு இன்னும் பழகலை. தெக்லான்னு சத்தமாக் கூப்பிடு. அவ உன் இடுப்புல இருந்து திரும்பிப் பார்ப்பா, நான் உள்ள இருந்து ஓடி வர்றேன்.

தெக்லா